ரென்வெல் பிரபுவுக்கு மஞ்சள் பூசிய கதை

டாலஸ் விமான நிலையத்தில் என் பெட்டியை வண்டிக்குள் தூக்கி வைத்ததும் தம்பி செல்வம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அக்கா, நார்மன் பிரபுன்னா யாரு?"

சாப்பிட்டாயா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் சௌகரியமாக இருந்தவளை, "உடனே கெளம்பி வாக்கா, உன்னால ஒரு காரியம் ஆகணும்" என்று வரவழைத்தவன் அவன்தான். உடம்புக்கு என்னமோ, வீட்டில் சண்டையோ என்று விமானத்தில் என்னென்னவோ நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் வாழ்நாள் முழுக்கச் சரித்திரம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். செல்வம் என் வகுப்பிலேயே உட்கார்ந்து, அந்த ஒரு பாடத்தில் மட்டும் தட்டுத் தடுமாறிப் பாஸானவன். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியதைத் தலை நரைத்த பிறகு ஃப்ரீவேயில் கேட்கிறான்.

"எதுக்குடா இப்போ நார்மன் பிரபு?"

"ஸ்கூலுக்கு லேண்ட் வாங்கணும்க்கா."

விஷயம் பிறகுதான் வந்தது. ஃபிரிஸ்கோவில் செல்வமும் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். வாடகை இடம். இந்தக் கோடையோடு காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் போதுமான வேறு இடம் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் வடக்கே இருப்பவர்கள் ஒரு பள்ளி, தெற்கே இருப்பவர்கள் ஒரு பள்ளி என்று பிரிந்துவிடலாம் என்று ஒரு கூட்டம் பேச ஆரம்பித்திருந்தது. பிரிந்தால் இரண்டுமே உருப்படாது என்பது செல்வத்தின் பயம். அந்தப் பள்ளியை ஆரம்பித்தவன் அவன். சொந்தப் பிள்ளைகள் படித்து முடித்துப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்காலி எடுத்துப் போடப் போகிறவன்.

நிலம் ஒன்று இருந்தது. ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, எலன் ரென்வெல் என்ற அம்மாளுடையது. ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் அந்தக் குடும்பத்துடையதாம். விற்று விற்று மிஞ்சியது இந்தத் துண்டு. வாங்க வருகிறவர்களிடம் விலை பேசுவதற்கு முன்னால் அவர் ஒன்று சொல்வாராம்: "என் குடும்பம் யார் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். பிறகு பேசலாம்."

"அவங்க முன்னோர் இங்கிலாந்துல பெரிய நார்மன் பிரபுவாம்க்கா. கில்பர்ட் டி ரென்வால்னு பேரு, அதுதான் தேஞ்சு இப்போ ரென்வெல்லாம். எங்க கமிட்டில அத்தன பேரும் சாஃப்ட்வேர். எவனுக்கும் ஒண்ணும் தெரியாது. ஒரு பில்டர் வேற பின்னாடியே சுத்திக்கிட்டிருக்கான். நீ வந்து நல்லபடியா ரெண்டு வார்த்த பேசுனா போதும்."

அவன் வீடு இருக்கும் தெருவில் எல்லா வீடும் ஒன்றுபோல இருந்தன. ஒரே செங்கல், ஒரே கூரை, ஒரே குட்டி மரம். எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டேன். ரிமோட்டை அமுக்கினால் எந்த ஷட்டர் திறக்கிறதோ அதுதான் நம் வீடு என்றான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். முதலில் பக்கத்து வீட்டு வாசலில் நிறுத்தி அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வாசலுக்கு வந்தான்.

மறுநாள் காலையில் நடக்கப் போனபோது, இன்னும் வீடு கட்டாத ஒரு மனையில் நின்றுவிட்டேன். கன்னங்கரேலென்ற மண், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குனிந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தேன். எங்கள் கரிசல்தான், சந்தேகமே இல்லை. முன்னே இதெல்லாம் பருத்திக்காடுதானாம். இவ்வளவு தூரம் பறந்து வந்து கோவில்பட்டியில் இறங்கிவிட்டாற்போல் எனக்கு ஒரே சந்தோஷம்.

தம்பி மனைவி கவிதா வீட்டைச் சுற்றித் தரையோடு தரையாக ரப்பர்க் குழாய் போட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செடி ஒன்றையும் காணோம்.

"யாருக்கும்மா ஊத்துற?"

"வீட்டுக்குத்தான் மதினி. இந்த மண்ணு காஞ்சா வெடிச்சு அஸ்திவாரமே எறங்கிரும். இங்க செடிக்கு ஊத்தலேன்னாலும் வீட்டுக்கு ஊத்தணும்."

கரிசலில் இத்தனை வருஷம் இருந்தும் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதை அன்றுதான் பார்த்தேன்.

அன்று முழுதும் நகர நூலகத்தில் இருந்தேன். போகிற வழியில் கவிதா கொலாச்சி என்று ஒன்று வாங்கிக் கொடுத்தாள். நடுவில் பழ ஜாம் வைத்த பன். எப்போதோ ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பலகாரமாம், இப்போது டெக்சாஸ்காரர்கள் தங்களுடையது என்று சத்தியம் செய்கிறார்கள். நூலகத்தில் இருந்த பெண்மணி, கேட்டது நான்தானா என்று என் சேலையை ஒரு தரம் பார்த்துவிட்டு, இங்கிலாந்து வேல்ஸ் எல்லைக் கோட்டைகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். அதில் ரென்வால் குடும்பத்துக்கு நாலைந்து பக்கம் இருந்தது.

ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், பிரான்ஸின் நார்மண்டியை ஆண்ட வில்லியம் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்ததும், கூட வந்தவர்களுக்கு நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தான். வேண்டியவர்களுக்கு நல்ல நிலம். கில்பர்ட் சின்ன ஆள். அவனுக்குக் கிடைத்தது மேற்கு ஓரம், வேல்ஸ் மலைகள் தொடங்குகிற எல்லை. அங்கே அரசனின் சட்டம் அரையும் குறையுமாகத்தான் செல்லும். கோட்டை கட்ட யாரையும் கேட்க வேண்டாம், சண்டைக்குப் போக யாரையும் கேட்க வேண்டாம், விசாரிப்பதும் தண்டிப்பதும் பிரபுவே. பதிலுக்கு எல்லையைக் காவல் காத்துக்கொடுக்க வேண்டும். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பாளையக்காரர்தான், குதிரை மட்டும் கொஞ்சம் பெரிது.

அவன் கட்டிய முதல் கோட்டை கல் கோட்டைகூட இல்லை. அக்கம்பக்கத்து வேல்ஸ் சனங்களைப் பிடித்து வந்து மண் சுமக்க வைத்து ஒரு மேடு எழுப்பினான். மேட்டின் மேல் மரத்தால் ஒரு கோபுரம், சுற்றி வேலி. யாருடைய காட்டிலிருந்து மண் எடுத்தார்களோ அவர்களையே அந்த மேட்டில் நின்று மிரட்டினான். அவன் மகன் வேல்ஸ் தலைவன் ஒருவனின் மகளைக் கட்டினான். பேரனுக்கு இரண்டு பாஷையும் வந்தது. அதனால் இரண்டு பக்கமும் உறவு, இரண்டு பக்கமும் சண்டை.

அந்தப் பேரனுக்கு ஆண் பிள்ளை இல்லை, மூன்று பெண்கள். மகன் இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம், பெண்களே என்றால் சமபங்கு என்பது அந்த ஊர் வழக்கம். மூத்தவளுக்குக் கோட்டை போயிற்று, நடுவுள்ளவளுக்கு மாவு அரைக்கும் ஆலையும் காடும். கடைசிப் பெண்ணுக்கு ஆடு மேய்கிற மலைச்சரிவு. கோட்டை இடிந்தது, ஆலை இருந்த இடம் தெரியவில்லை. கடைசிப் பெண் வீட்டார் ஆட்டுக் கம்பளி விற்றுப் பிழைத்துக்கொண்டார்கள். அவளைக் கட்டியவன் வீட்டோடு மாப்பிள்ளையாகி, அவள் குடும்பப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டான். அந்தக் கிளையில் நிலம் கிடைக்காத யாரோ ஒருவன்தான் பிற்காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்க வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொன்னபோது செல்வத்தின் முகம் சுருங்கியது.

"அக்கா, இந்த மண்ணு சொமக்க வச்ச கதையெல்லாம் அங்க எடுத்து விட்டுராத. வீரமான ஆளு, கோட்ட கட்டுனாரு, அது போதும்."

"இல்லாததையாடா சொல்லப் போறேன்?"

"நல்லத மட்டும் சொல்லு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

சனிக்கிழமை காலை நிலத்தைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார் எலன் அம்மாள். செல்வத்தின் எலெக்ட்ரிக் காரில் நாங்கள் மூவர். கமிட்டிப் பெண்கள் இன்னொரு வண்டியில் வருவதாக ஏற்பாடு. தன் கார் போல உண்டா என்று செல்வம் பீற்றிக்கொண்டே வந்தான். முந்தின ராத்திரி சார்ஜ் போட்டது யார் என்பதில் அவனுக்கும் கவிதாவுக்கும் கருத்து வேற்றுமை இருந்தது பாதி வழியில்தான் தெரியவந்தது. ஏசியை நிறுத்தினான். ஜன்னலைத் திறந்தான். டெக்சாஸ் வெயில் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி உள்ளே வந்தது. ஒருவழியாக உருட்டிக்கொண்டு போய் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். பங்கா அது? எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைப் போல நாலு பங்கு இருக்கும். சார்ஜ் ஏற்ற அங்கேயும் வரிசை. சர்க்கரைப் பாகில் வறுத்த பீக்கன் பருப்பைக் கொறித்துக்கொண்டு நானும் கவிதாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். செல்வம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"நீங்கதான போட்டேன்னு சொன்னீங்க?"

"நீ போடுவேன்னு நெனச்சேன்."

அந்தத் தாமதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கமிட்டிப் பெண்கள் வந்து வெகு நேரமாகியிருந்தது. பெரிய பீக்கன் மரம் ஒன்றின் கீழே கூட்டமாக நின்றிருந்தார்கள். அவர்களில் உமா என்ற பெண், பழநிக்காரி, எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஆன்ட்டி, சீக்கிரம் வாங்க! நாம வாங்கறதுக்கு முன்னாடியே முருகன் வந்து நின்னுக்கிட்டிருக்கார்!"

மரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுண்ணாம்புக்கல் நட்டிருந்தது. அதன் முகத்தில் ஒரு கேடயம், கேடயத்தின் நடுவே நிமிர்ந்த ஒரு ஈட்டி, இரண்டு பக்கமும் தலையில் கொண்டையோடு ஒவ்வொரு பறவை. மழையிலும் வெயிலிலும் தேய்ந்துபோயிருந்தது. வேலும் மயிலும் இல்லையென்று யார் சொல்ல முடியும்? நிலம் நல்லபடியாக அமையட்டும் என்று பூசைச் சாமானோடுதான் வந்திருந்தார்கள் போலிருக்கிறது. கல் முழுக்க மஞ்சள் பூசி, மூன்று பட்டை விபூதி இட்டு, குங்குமம் வைத்து, கடையில் வாங்கிய கார்னேஷன் பூக்களைக் கோத்து மாலையும் போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு ஃபாயில் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல். தேங்காய் இரண்டாக உடைந்து கிடந்தது. காய்ந்த புல்லில் நெருப்பு வைக்கக் கூடாது என்று கற்பூரம் மட்டும் ஏற்றவில்லை. அந்த மட்டும் புத்தி இருந்தது.

முந்தின நாள் நூலகப் புத்தகத்தில் இதே கேடயத்தின் படத்தைப் பார்த்திருந்தேன்.

"அது மயில் இல்லம்மா, கொக்கு. வேலும் இல்ல, குதிரைல போறவன் பிடிக்கிற ஈட்டி. இது அவங்க குடும்பச் சின்னம். ரென்வால் பிரபுவோட சின்னம்."

செல்வம் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான். உமா மட்டும் மெல்ல, "கொண்ட இருக்கே ஆன்ட்டி" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பழைய பிக்கப் டிரக் வந்து நின்றது. எலன் ரென்வெல் இறங்கினார். எண்பதை ஒட்டிய வயது, ஆள் உயரம், முழங்கால் வரைக்கும் பூட்ஸ். மாட்டு டாக்டராக வேலை பார்த்தவர் என்று கவிதா சொல்லியிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ரென்வெல் என்ற பெயர் அவரோடு முடிகிறது. நேராகக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். பொங்கலைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார்.

"கில்பர்ட்டை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். குரல் உயரவில்லை.

நான்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் கடவுளின் கையில் ஈட்டி இருக்கும், பக்கத்தில் பறவை இருக்கும், பெண்கள் அவர் என்று நினைத்துவிட்டார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள்.

"கழுவுங்கள்" என்றார்.

வண்டியில் இருந்த தண்ணீர் பாட்டில்களையெல்லாம் கொண்டுவந்து ஊற்றினோம். மாலையைக் கழற்றினோம், விபூதி போயிற்று, மஞ்சள் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க அந்த வெள்ளைக் கல் மஞ்சளை உறிஞ்சிக்கொண்டு, கேடயமும் கொக்கும் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. எலன் அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை பில்டர் வருகிறான், அதற்குள் யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு டிரக்கில் ஏறிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் ஆத்திசூடியைப் பாடமாய் ஒப்பித்துவிட்டு அடுத்த நிமிஷம் இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டார்கள். நன்றாக இருந்தது. வராந்தாவில் பெற்றோர்கள் இரண்டு கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்ததுதான் நன்றாக இல்லை. "அவ்ளோதான், லேண்ட் போச்சு. நம்ம சைடுல தனியா ஆரம்பிச்சிரலாம்" என்று ஒருவர் சொன்னது செல்வம் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து அவன் சாப்பிடவில்லை. பிரியாணியை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் குழிப்பணியாரம் சுடச் சொல்லி ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். செல்வம் ஆபீஸ் போனதும் கவிதாவின் வண்டியில் கிளம்பினோம். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னென்ன பேசக் கூடாது என்று ஆரம்பிப்பான்.

பிரபு வம்சம் என்றதும் மாளிகையை எதிர்பார்த்துப் போனேன். பெயின்ட் உரிந்த சின்ன மர வீடு. எலன் அம்மாள் ஐஸ் போட்ட டீயைக் கொண்டுவந்து வைத்தார். அண்டா அளவு டம்ளர், சர்க்கரை இல்லை. பணியாரத்தில் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஹஷ்பப்பியா?" என்றார். அங்கே சோளமாவில் அப்படி ஒன்று உருட்டிப் பொரிப்பார்களாம். இரண்டாவதையும் எடுத்தார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"நீங்கள் படித்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார்கள். சொல்லுங்கள், என் கில்பர்ட் எப்படிப்பட்ட ஆள்?"

தம்பி சொல்லிக்கொடுத்தபடி ஆரம்பித்தேன். வீரர், எல்லையைக் காத்தவர், கோட்டை கட்டியவர். எலன் அம்மாள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பாடம் பிடிக்காத பிள்ளைகளின் பார்வை எனக்குத் தெரியாதா? சொல்லச் சொல்ல எனக்கே அலுப்பாகிவிட்டது. எத்தனை பிள்ளைகளுக்கு, தெரியாததை அளக்காதே என்று மார்க் குறைத்திருக்கிறேன். போனால் போகிறது என்று டம்ளரை வைத்தேன்.

"குதிரை வைத்திருந்த திருடன்" என்றேன். "அடுத்தவன் காட்டு மண்ணை அவன் தலையிலேயே சுமக்க வைத்துக் கோட்டை கட்டினான். உங்கள் குடும்பத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் பெண்தான். ஆடு மேய்த்துப் பிழைத்தவள்."

கவிதா என் தொடையில் கிள்ளினாள். எலன் அம்மாள் முகத்தைத் திருப்பி முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"இத்தனை பேர் வந்தார்கள், அத்தனை பேரும் அவனைப் புகழ்ந்தார்கள்" என்றார். "அந்த பில்டர் படமே போட்டுக் கொண்டுவந்தான். 'ரென்வெல் காஸில் எஸ்டேட்ஸ்.' வாசலில் இரண்டு கோபுரம், கோபுரத்தில் கேடயம். புகழாத ஒரு ஆள் வரட்டும் என்றுதான் விற்காமல் இருந்தேன். நீங்கள் என்னவென்றால் அவனைக் கடவுளாகவே ஆக்கிவிட்டீர்கள்."

பிறகு கல்லின் கதையைச் சொன்னார். அவருடைய தாத்தா, வசதி வந்த காலத்தில் கப்பலேறிப் போய் அந்த மண்மேட்டைப் பார்த்துவிட்டு வந்தாராம். வந்ததும் உள்ளூர்க் கொத்தனாரைக் கொண்டு இந்தக் கல்லைச் செதுக்கி, இதுதான் ரென்வெல் எல்லை என்று நட்டார். நட்டது தன் நிலத்தில் இல்லை. பக்கத்தில் தனியாகப் பருத்தி போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த ஒரு விதவையின் காட்டுக்குள்ளே. கல் நின்றதும் வேலி வந்தது. வேலி வந்ததும் ஷெரீப் வந்தார். அந்த அம்மாள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"அப்பாவும் அந்தக் கல்லைப் பிடுங்கவில்லை, நானும் பிடுங்கவில்லை. பிடுங்கினால் நடந்ததை மறைத்த மாதிரி. விட்டால் பெருமைப்படுகிற மாதிரி. கழுவச் சொன்னேன், பார்த்தீர்களே, அதுவும் போகவில்லை."

"போகாது" என்றேன். "எங்கள் கரிசலில் பழைய கல் நிறைய நிற்கிறது. சண்டையில் செத்தவனுக்கு வைத்தது, சாகடித்தவன் வைத்தது, எல்லைக்கு வைத்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பொங்கல் வைத்து மஞ்சள் பூசுவார்கள், அதோடு பழைய ஆள் போய்விடுவான், சாமி மட்டும் நிற்கும். நீங்கள் எங்களுக்கு விற்றால், இந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது கில்பர்ட்டை ஒருவருக்கும் தெரியாது. அந்த விஷயத்தில் எங்கள் ஜனங்களை நீங்கள் நம்பலாம்."

எலன் அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். சின்னச் சிரிப்பில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரு பிரபுவுக்கு இதைவிடப் பெரிய தண்டனை யாரும் கொடுத்திருக்க முடியாது" என்றார்.

எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் பாதியில் மனசு உறுத்தியது. சரித்திரம் நடத்தியவள் நான், மறக்கடிப்பதற்கு உத்தரவாதம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். திருடன் மறக்கப்பட்டால் கூடவே பறிகொடுத்தவளும் அல்லவா போய்விடுவாள்?

"அந்த அம்மாள் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பு நின்றது. "ஹானா" என்றார். "இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. என் அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார்."

எங்கள் முருகனுக்கும் காட்டைக் காவல் காத்த ஒருத்திதான் மனைவி என்று நான் வள்ளியைப் பற்றிச் சொன்னேன். தினைக்காடு, பரண், கவண் எல்லாவற்றையும் கவிதா கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். எலன் அம்மாள் கேட்டுக்கொண்டே மிச்சப் பணியாரத்தையும் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். விற்கிறேன் என்றோ மாட்டேன் என்றோ ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செல்வத்துக்கு போன் வந்தது. பில்டரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "அக்கா, குடுத்துட்டாங்கக்கா! ஸ்கூலுக்கே குடுத்துட்டாங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவன், என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தான். நாங்கள் போய் வந்ததை எலன் அம்மாளே போனில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, அப்புறம் கேட்டான்: "கில்பர்ட்ட வீரர்னு சொன்னியா?" ஆரம்பத்தில் சொன்னேன் என்றேன். அது உண்மைதானே.

நான் நியூ ஜெர்சிக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் நிலத்தை அளந்தார்கள். எலன் அம்மாளும் வந்திருந்தார். அளக்க வந்தவர் தொப்பியும் முக்காலியுமாக, அந்த ஊர்க்காரர். வேலியோரமாகக் குறித்துக்கொண்டே வந்தவர் மரத்தடிக்கு வந்ததும் நின்றார். கல் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. உமா புதிதாக ஒரு மாலையும் போட்டிருந்தாள்.

"மேடம், இது எல்லைக் கல்லா? வரைபடத்தில் என்னவென்று போட?"

செல்வம் என்னைப் பார்த்தான். கில்பர்ட் டி ரென்வால், அவன் மகன், பேரன், மூன்று பெண்கள், எல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"முருகன்" என்றார் எலன் ரென்வெல். நிறுத்தி, நிதானமாக, வீட்டில் சொல்லிப் பழகியவர் மாதிரி சொன்னார். அளப்பவர் குறித்துக்கொண்டார்.

எலன் அம்மாள் அதோடு நிற்கவில்லை. கல்லிலிருந்து தள்ளி வெயிலுக்குள் நடந்துபோய், ஓரிடத்தில் பூட்ஸ் குதிகாலால் மண்ணை இரண்டு குத்துக் குத்தினார். "இதையும் குறித்துக்கொள்" என்றார்.

"அங்கே ஒன்றும் இல்லையே, மேடம்."

"வரும். இவர்களோடு பேசியாகிவிட்டது, இன்னொரு கல் வைப்பார்கள். பெயர் ஹானா. இது அவளுடைய காடு."

அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அளப்பவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு சிவப்புக் கொடியை எடுத்து, எலன் அம்மாளின் குதிகால் பட்ட இடத்தில், வெறும் கரிசலில் குனிந்து குத்தினார்.